சங்கில் எடுத்த சுருதி

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் கலைத் திருவிழா. நம் பாட்டு, நம் எழுத்து, நம் பாரம்பரியம் என்று மூன்று பேனர்கள். நிழலுக்கு ஒரு பந்தல் இல்லை. வழக்கம்போல நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மேடையில் ஒரு பெண் கைபேசியைத் தொட்டாள், சுருதி வந்துவிட்டது. அவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சல். அதற்கு நாங்கள் பட்ட பாடு!

அந்தக் காலத்தில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான் டைம்கீப்பர். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று எண்ணுவதற்குச் சம்பளம். எண்ணத் தெரிந்தவன் என்பதாலேயே ஆலைப் பாட்டுக் குழுவில் என் கையில் ஜால்ராவைத் திணித்தார்கள். பாட்டு எழுதுவதும் நான்தான். பாடுவது ஃபிட்டர் ஏழுமலை. குழுவுக்கென்று இருந்த ஆர்மோனியத்தின் துருத்தியை எலி தின்றுவிட்டது. ஏழுமலை அசரவில்லை. ஷிப்ட் முடிந்து ஆலைச் சங்கு ஊதும்போது, அது ஏறி உச்சியில் சற்று நிற்குமே, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பிப்பான். சங்கு ஊதாத நாளில் ஒத்திகை கிடையாது.

நகரத்துக்குள் ஒரு சபாவில் பாட்டுப் போட்டி, முதல் பரிசு ஆர்மோனியம் என்றதும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. போட்டியன்று ஆலை ஆட்கள் வேலையிலிருந்து நேராக வந்து ஆறு வரிசையை நிரப்பினார்கள். மேடையேறினோம். ஏழுமலை வாயைத் திறக்கவில்லை.

"பாடுடா."

"எங்க பாட்றது நைனா? சங்கு இன்னும் ஊதலியே."

"இங்க ஏதுடா சங்கு?"

"அப்ப நீ ஊது. தெனம் கேட்டுகினுதான கீற?"

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கைகளை வாயருகே குவித்து ஊதினேன். நன்றாகவே வந்துவிட்டது, அதுதான் வினை. ஆறு வரிசையும் சட்டென்று எழுந்து, டிபன் பாக்ஸுக்காக நாற்காலிக்கு அடியில் கையை விட்டது. "ஷிப்ட் முட்ஞ்சிச்சுபா!" என்று ஒருவன் கதவுவரை போய்விட்டான். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், "கப்பலுக்கு நங்கூரம் கீது, கஞ்சிக்கு இன்னா கீது" என்று ஏழுமலை சுருதி பிசகாமல் எடுத்தான். யார் காதில் விழுந்தது?

ஆர்மோனியம் வேறு யாருக்கோ போயிற்று. எனக்குப் பலகுரலுக்கான ஆறுதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் வாளி. திரும்பும் பஸ்ஸில் அவன் அதை மடியில் வைத்துத் தாளம் போட்டுக்கொண்டு வந்தான்.

"வுடு நைனா. ஆர்மோனியத்த எலி துன்னும். சங்க எந்த எலி துன்னும்?"

எலி தின்னவில்லை. ஆலையையே மூடிவிட்டார்கள். அங்கே இப்போது அடுக்குமாடி வீடுகள். அதன்பிறகு சாயங்காலங்களில் ஏழுமலை போன் செய்வான். "நைனா, சங்கு குடு." கொடுப்பேன். ஒரு பாட்டு முழுதாகப் பாடிவிட்டு வைத்துவிடுவான். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கமாட்டான். போன மழைக்காலத்தோடு அந்தப் போனும் நின்றுபோயிற்று. கடைசிவரை அவனுக்கு ஆர்மோனியம் வாய்க்கவில்லை.

திருவிழாவில் அந்தப் பெண் பாடி முடித்ததும், எனக்கு என்ன தோன்றியதோ, கைகளைக் குவித்து ஊதினேன். கப்பல் என்று நினைத்து எல்லோரும் கடல் பக்கம் திரும்பினார்கள். முன்வரிசையில் ஒரே ஒரு கிழவர் மட்டும் குனிந்து, நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.