எதிர் மலையில் காய்ந்த மஞ்சள் துண்டு

பத்தாம் தரத்தில் விஞ்ஞானம் படிப்பித்த சேர் கரும்பலகையில் இரண்டு புள்ளி வைத்தார். ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாம்பு மாதிரி வளைந்த ஒரு கோடு, பிறகு நேராக ஓர் அம்பு. நடந்து தீர்த்த வழி முழுவதும் தூரம். கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேராக உள்ளது இடப்பெயர்ச்சி என்றார். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால், எவ்வளவு நடந்திருந்தாலும் இடப்பெயர்ச்சி பூச்சியம். வகுப்பில் பலர் விழித்தார்கள். நான் படிப்பில் கெட்டிக்காரன் இல்லை, பிள்ளைகளே. ஆனாலும் எனக்கு உடனே விளங்கியது. எட்டு வயதிலேயே அந்தப் படத்தில் நடந்து பார்த்தவன் நான்.

அப்போது மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகள் கொண்ட லயத்தில் இருந்தோம். அம்மா எதிர் மலையில் ஒரு வீட்டில் தங்கி, படுக்கையில் கிடந்த வீட்டுக்காரப் பெரியம்மாவை, அந்த நோனாவைப் பார்த்துக்கொண்டார். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை. சமைத்துப் போட்டது அத்தை.

எங்கள் வாசலில் நின்றால் அந்த வீட்டுத் தகரக் கூரையும், கொடியில் காயும் அம்மாவின் மஞ்சள் துண்டும் தெரியும். துண்டு கொடியில் கிடந்தால் அம்மா அங்கே இருக்கிறார் என்பது என் கணக்கு. கையை நீட்டினால் எடுத்துவிடலாம் போலிருக்கும். ஆனால் அம்மா அங்கிருந்து பஸ்ஸில் வருவதென்றால் வத்தேகம வரை இறங்கி, வேறு பஸ் பிடித்து, மறுபடி மலை ஏற வேண்டும். இந்தப் பெரியவர்களுக்கு ஏன் நேராக நடக்கத் தெரியவில்லை என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

ஒரு மாதம், நோனாவுக்குச் சுகமில்லை என்று அம்மா வரவே இல்லை. அடுத்து வந்த ஞாயிறு காலையில் துண்டு பளிச்சென்று தெரிந்தது. கிரவுண்டுக்குப் போவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு, துண்டைப் பார்த்தபடி தேயிலைக்குள் நேராக இறங்கினேன்.

கொஞ்சம் இறங்கியதும் துண்டு மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அடிவாரத்தில் ஆறு. பாலம் தேடிக் கரையோரமாக நடந்தேன். அட்டை கடித்த காலோடு வெகுநேரம் சுற்றிய என்னைத் தோட்டத்துக் காவல்காரர் பிடித்தார்.

"எங்கடா கெளம்பிட்ட?"

"அந்தா தெரியுதே, அம்மா இருக்கிற வீடு. அங்க."

"எங்க தெரியுது?"

திரும்பிப் பார்த்தேன். மரம்தான் தெரிந்தது.

"ஆத்தத் தாண்ட ஒனக்கு றெக்க மொளச்சிருக்கா? நட வீட்டுக்கு."

அவர் கூட்டிப்போன பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. வாசலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அத்தை அழுத முகத்தோடு நின்றார்.

"எங்கடா தொலைஞ்ச? ஒங்கம்மா வந்துட்டுப் போயிட்டா. கிரவுண்டு பூரா கத்திக் கத்தித் தேடுனா. கடைசி பஸ் இப்பதான் போகுது."

நோனாவின் மகள் திடீரென்று வந்ததால் அம்மாவுக்கு அன்று லீவு கிடைத்ததாம். சொல்லியனுப்ப நேரமில்லாமல் ஓடி வந்திருக்கிறார். மேசையில் எனக்கென்று அம்மா வாங்கி வந்த இனிப்பு ரொட்டி, ஒரு பணிஸ் இருந்தது. பக்கத்தில் அம்மா குடிக்காமல் விட்ட தேத்தண்ணி ஆறிக் கிடந்தது.

அன்று அம்மாவும் கிளம்பிய இடத்துக்கே திரும்பினார், நானும் திரும்பினேன். சேர் சொன்ன கணக்குப்படி இருவருக்கும் பூச்சியம்தான். அந்த வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்க, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது துண்டுக் கணக்கு மட்டும்தான். எதிர் மலையில் துண்டு இன்னும் கொடியில் கிடந்தது. அப்படியென்றால் அம்மா அந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று நினைத்து, வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். யாரும் வெளியே வரவில்லை. அம்மாவுக்கு என்மேல் கோபம் என்று எண்ணி, நானும் கோபித்துக்கொண்டு, பணிஸைத் தொடாமல் படுத்துவிட்டேன்.

நான் படுத்த அந்த நேரம் அம்மா வத்தேகமவில் அடுத்த பஸ்ஸுக்காக நின்றிருப்பார். காலையில் ஓடி வந்த அவசரத்தில் அவர் கொடியில் விட்ட துண்டை எடுத்து வைக்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.