மணி சாப்பிடாத அன்று

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயின் மூக்கைப் புறங்கையால் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய எரிச்சல்.

சங்கரன்கோவிலில் அப்பா தறி ஓட்டினார். தலையில் ஒட்டிய பஞ்சோடு வீட்டுக்கு வந்ததும், எங்கள் நாய் மணியின் காதைப் புரட்டி உண்ணி எடுத்து, வேப்பெண்ணெய் தடவுவார். வீடெல்லாம் அந்த வாடைதான். என் செருப்பைக் கடித்ததற்காக ஒரு நாள் மணியை அடிக்கக் கை ஓங்கினேன். அப்பா தடுத்தார்.

"ஏட்டி, அடிக்காத! எதுக்கு அடிக்கன்னு அதுக்கு வெளங்காது."

வாய்ப்பாடு தப்பினால் எனக்கு மட்டும் நன்றாக விளங்கும்படி குட்டு விழும்.

மழைக்காலத்தில் ஒருமுறை மணி சாப்பிடவில்லை. அப்பா அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார், மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து உள்ளங்கையில் கஞ்சி ஊற்றி, "குடிலே ராசா" என்று கெஞ்சினார். ராசாவாம்! நான் என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன மூக்கு சில்லென்றுதான் இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கும் வேண்டாம்" என்றேன்.

அப்பா திரும்பாமலே அம்மாவிடம் சொன்னார்: "பசிச்சா தன்னால திம்பா."

மறுநாள் மணி கஞ்சி குடித்தது. நானும் நாலு இட்லி சாப்பிட்டேன்.