அம்மா என்று கூப்பிடாதவள்

இது கட்டுக்கதை இல்லை. அடுத்தவர் வீட்டு வம்பும் எனக்குத் தேவையில்லை; என் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, அவ்வளவுதான்.

தென்சீனத்துச் சாவ்ஜோ நகரில் எங்கள் சந்து. எதிர்வீட்டு பெய்லானுக்கு நாற்பத்தாறு வயது. பெற்றவளை வாழ்நாள் முழுக்க ‘சித்தி’ என்றுதான் கூப்பிட்டாள். பிள்ளை ஜாதகம் பெற்றவள் ஜாதகத்தோடு மோதினால் எங்கள் ஊரில் அப்படித்தான். ஆனால் மூன்று வருஷம் கழித்து வந்த தம்பி ஹாவ்வெய் மட்டும் ‘அம்மா, அம்மா’ என்று மடியில் புரள்வான். வாத்துத் தொடை அவனுக்கு, கழுத்து இவளுக்கு. ஒருமுறை இவள் வாய் தவறி ‘அம்...’ என்றபோது, விழுந்த அறை என் வீடு வரை கேட்டது. அன்று பிடித்த வயிற்றெரிச்சல், இன்னும் அடங்கவில்லை.

தாய் செத்த நாற்பத்தொன்பதாம் நாள் படையல். குவாங்ஜோ நகரத்தில் வேலை பார்க்கும் ஹாவ்வெய் வரவில்லை. பெய்லான் போனில் கத்தினாள்.

“அம்மான்னு கொஞ்சினது நீ. ஊதுபத்தி ஏத்துறது நானாடா?”

“லீவு தரலக்கா, நைட் ஷிஃப்ட்டு...”

“மடியில உக்கார மட்டும் லீவு கெடச்சுதாக்கும்!”

மத்தியானம் இரண்டு நாற்பது. மழை. தாயின் படத்துக்கு முன் வாத்துத் தொடையை வைத்தாள். இனி யார் அறைவது?

“அம்மா,” என்றாள்.

ஊதுபத்தி அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது.

டக்... டக்... டக்.

கதவுதான். ஆனால் முழங்கால் உயரத்தில்.

“யாரு?”

ஒரு சிணுங்கல்... பிறகு இன்னொன்று.

தாழ்ப்பாள் அசைந்தது...

முதுகுக்குப் பின்னால், படத்தின் பக்கம், செத்த தாயின் அதே கரகரத்த குரல்.

“இவ எம்பொண்ணு இல்ல. அக்கா மக. என்னைச் சித்தின்னுதான் கூப்பிடுவா. போங்க.”

தாழ்ப்பாள் நின்றது.

“அம்மான்னு கூப்பிடுறவன் குவாங்ஜோவுல இருக்கான்.”

ஈரக் கால்கள்... தத்தித் தத்தி... போயின.

இரண்டு ஐம்பத்திரண்டு.

நனைந்தபடி என் வீட்டுக்குள் விழுந்த பெய்லான் நடந்ததையெல்லாம் கொட்டினாள். என் வாயில் நாற்பத்தாறு வருஷம் தங்கிய ஒரே விஷயத்தை அன்றுதான் சொன்னேன்.

“உனக்கு முன்னாடி ரெண்டு பொண்ணுங்கடி. மூத்தது ஜுரத்துல போச்சு. சின்னது, மொத மொதல்ல ‘அம்மா’ன்னு சொன்ன அன்னிக்கே, தொட்டித் தண்ணியில கெடந்துச்சு. தொட்டி விளிம்புல ஈரக் கைத்தடம்... அதோட கையவிடப் பெருசு, மூத்தது கை அளவு.”

“அப்ப ஹாவ்வெய், பெரியம்மா?”

“அவன் அவ பெத்தது இல்ல. மலைப்பக்கத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தா. அதுங்க தேடி வந்தா கைகாட்ட, அம்மான்னு கூப்பிட ஒருத்தன் வேணுமே...”

தொடைக்கறியெல்லாம் எதற்கென்று புரிந்ததும் பெய்லான் வாயைப் பொத்திக்கொண்டாள். பலி ஆட்டுக்குத்தானே நல்ல தழை போடுவார்கள்! இவளுக்கு விழுந்த அறைதான் அம்மா கொடுத்த முத்தம்.

போனில் தம்பியின் எண்ணை அழுத்தினாள். மூன்று பதினொன்று.

“அக்கா, யாரோ கதவைத் தட்டினாங்க. தொறந்தேன், ஆளில்ல. ஈரக் காலடி மட்டும்... உள்ள போகுது. வெளிய வரல.”

“டேய், இனிமே அவங்க உனக்கு அம்மா இல்ல. சித்தி! சத்தமா சொல்லுடா!”

“ஏங்க்கா இப்பிடிப் பேசுற?”

“சொல்லுடா!”

அழுதுகொண்டே சொன்னான். மூன்று முறை. அந்தப் பக்கம் கதவு படாரென்று சாத்திக்கொண்டது எனக்கே கேட்டது.

அப்புறம் விசாரித்தேன், விசாரிக்காமல் எனக்குத் தூக்கம் வருமா?

குவாங்ஜோவில் அன்று ஒரு பொட்டு மழை இல்லை.