புத்தகத்தில் இல்லாத கல்யாணம்

விருத்தாசலத்தில் பரக்கத்துல்லாவுக்கு இரண்டு வேலை. வார நாட்களில் பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் போகும் பொம்மைகளின் பிசிறைச் சீவுவார். ஞாயிறு காலை பத்து மணிக்கு உள்ளூர் வானொலியில் எழுத்தாளர், விமர்சகர், சைக்கிளிலேயே இமயமலை போய் வந்தவர் என்று யாரையாவது உட்கார வைத்து நேரலையில் பேசுவார். ஒன்பது வருடமாகப் பேசுகிறார். கேட்கிறவர்களுக்கு மனுஷன் நூலகத்தையே கரைத்துக் குடித்தவர் என்று தோன்றும்.

குடித்ததெல்லாம் முதல் இரண்டு வருடம்தான். அப்புறம் பின்னட்டையும் பொருளடக்கமும் போதும் என்று கண்டுகொண்டார். எழுத்தாளர்களின் வாயைக் கிளறிவிட்டால் மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இதுவரை ஒருவரிடமும் மாட்டியதில்லை என்ற திமிர் வேறு.

அப்படித்தான் கம்மாபுரம் பக்கமிருந்து காசியம்மாள் வந்தார். சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் போன கதையை அறுபது வயதில் எழுதியவர். முதல் புத்தகம். ரேடியோவில் யார் பார்க்கப் போகிறார்கள், ஆனாலும் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார்.

"ரெண்டு தடவை படிச்சேம்மா" என்று மைக்கில் கூசாமல் சொன்னார் பரக்கத்துல்லா. பொருளடக்கத்தில் 'பாலகிருஷ்ணனுக்குப் பெண் பார்த்தோம்' என்ற தலைப்பு அவர் கண்ணில் பட்டிருந்தது. "உங்க மகன் கல்யாணத்தை எழுதியிருக்கீங்களே, அதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது. கேக்குறவங்களுக்கும் சொல்லுங்க."

காசியம்மாள் அவரையே பார்த்தார். பிறகு சொன்னார். மழையில் பந்தல் நனைந்தது, சமையல்காரர் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தது, தாலி கட்டும்போது பையனுக்குக் கை நடுங்கியது. பரக்கத்துல்லா வாய்விட்டுச் சிரித்தார்.

புதன்கிழமை அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, செத்த புள்ளைக்கு ரேடியோவுல கல்யாணம் பண்ணிட்டு வந்திருக்கியேன்னு ஊர்ல கேக்குறாங்க. அப்ப புத்தகமும் பொய்யாங்குறாங்க."

பரக்கத்துல்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"அத்தினி பேரு கேக்குறப்ப உங்கள எப்படி அசிங்கப்படுத்துறது?" என்றவர், "சொல்லச் சொல்ல எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அன்றுதான் பரக்கத்துல்லா புத்தகத்தைப் பிரித்தார். நாற்பத்தியோராம் பக்கத்தில், தன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன பாலகிருஷ்ணன் மீது லாரி ஏறியது. படிக்காததைக்கூட மன்னித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சிரித்ததை நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு விமர்சகர் வந்திருந்தார். அவரை எதிரில் உட்கார வைத்துவிட்டுப் பரக்கத்துல்லா மைக்கைத் திறந்தார்.

"போன வாரம் அந்தம்மா பொய் சொல்லலைங்க. நான்தான் சொன்னேன். புத்தகத்தைப் படிக்காமலே படிச்சேன்னு சொன்னேன். என் மானத்தைக் காப்பாத்தத்தான் அவங்க அப்படிப் பேசுனாங்க. அந்தக் கல்யாணம்..."

நடக்கவில்லை என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. விமர்சகர் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். பரக்கத்துல்லா அதைத் தொடவில்லை. நாற்பத்தியோராம் பக்கத்தை எடுத்து, ஊர் கேட்க, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.