பெயர் தெரியாதவை

படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பார்க்கிறாள் அம்மா. நேராகப் பார்த்தால் கண் தனக்குத் தெரிந்ததையே பார்த்துவிடுமாம். அச்சகத்தில் பிழை திருத்துவது அவள் வேலை. சந்தேகமான வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிப்பாள். கடல் பிராணிகளுக்கும் அதே முறைதான். "முதல்ல தலை எது, வால் எதுன்னு பாரு. பாதிப் பேர் அங்கேயே கோட்டை விடறாங்க."

கடலில் அவள் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. மூழ்கியவர் அப்பா. முதுகில் காற்று உருளையும் கையில் கேமராவுமாக வருடம் தவறாமல் போவார். "கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்க நேரமிருக்கு. வீட்டுக் குழாய் ஒழுகறதைப் பாக்க நேரமில்லை" என்பாள். அவர் காட்டும் படங்களைப் பாதியில் விட்டு எழுந்து போவாள். போன கோடையில், வீட்டில், தூக்கத்தில் அப்பா இறந்தார். இதயம். மெமரி கார்டை அம்மாதான் கணினியில் செருகினாள்.

இப்போது சாப்பாட்டு மேசையில் பாதி அந்தப் பிராணிகளின் படங்களுக்கு. ஓடில்லாத நத்தை ஒன்று பாசியைத் தின்று, அதன் பச்சையத்தை உடம்பிலேயே வைத்துக்கொண்டு இலைபோல் வெயிலில் வாழ்கிறது. இன்னொன்று கொட்டும் பிராணிகளைத் தின்கிறது. தொட்டாலே வெடிக்கும் அவற்றின் நுண்ணிய கொடுக்குகள் வெடிக்காமல் வயிற்றைக் கடந்து, தின்றதன் முதுகுக்குப் போய்ச் சேர்ந்து அதற்கே ஆயுதமாகின்றன. வால்வு வடிவமைப்பது என் தொழில். இப்படி ஒரு பாதையை என்னால் வரைய முடியாது. அம்மா சுருக்கமாகச் சொன்னாள்: "எதிரியையும் தின்னுட்டு, அவன் கத்தியையும் இடுப்புல சொருகிக்கிட்டா. என்ன திமிரு பாரு."

பெயர் தெரியாததைக் கடல் நத்தைகளுக்கான ஓர் இணையக் குழுவுக்கு அனுப்புவாள். அங்கே உள்ள ஆய்வாளர் ஒருவருக்கு அவள் வைத்த பெயர் நண்டு மாமா; நண்டில் ஆரம்பித்து நத்தைக்கு வந்தவர். ஒரு விஷயத்தில் மட்டும் குழுவோடு அவளுக்கு ஒத்துப்போகாது. மற்றவர்கள் படத்திலிருந்து பிராணியை மட்டும் வெட்டியெடுத்து அனுப்புவார்கள். அம்மா முழுப் படத்தையும் அனுப்புவாள். அளவு தெரிய வேண்டும் என்று அப்பா ஒவ்வொன்றின் பக்கத்திலும், தொடாமல், ஆள்காட்டி விரலை நீட்டியிருப்பார்.

மிஞ்சியது ஒன்று. கடைசியாக மூழ்கியபோது எடுத்த கடைசிப் படம். கறுப்புக் கடற்பஞ்சின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிதாக்கினால் கண்ணாடி உடம்பு. உள்ளே குடல் ஆரஞ்சு நிறத்தில் மரம்போல் கிளை பிரிந்திருந்தது. கொம்பு நுனிகள் நீலம். "உள்ள போனதெல்லாம் வெளிய தெரியுது. ஒளிச்சு வைக்க ஒரு மூலைகூட இல்லையே இதுக்கு" என்றாள் அம்மா, குரல் இறங்கி.

நண்டு மாமா போனில் கூப்பிட்டார். இந்தச் சாயலில் இரண்டு இனங்களாம். ஒன்று வளர்ந்தாலும் அரிசியளவு. மற்றது மூன்று மடங்கு. பெரியதன் குஞ்சுக்குக் கொம்பு நீலமாகாது; இதற்கு நீலம் என்பதால் இது வளர்ந்ததுதான். ஆகவே நீளம்தான் தீர்ப்பு. "அளவு தெரியாம பேர் சொன்னா அது ஜோசியம், மேடம்." பக்கத்தில்தான் விரல் இருக்கிறதே என்றாள் அம்மா. அப்படியானால் அந்த நகத்தின் அகலத்தைச் சொல்லுங்கள், போதும் என்றார் அவர்.

அப்பாவின் நகத்தை யாரும் அளந்து வைக்கவில்லை. 'பெயர் தெரியாதவை' ஃபோல்டரில் போட்டுவிடலாம் என்றேன்.

"உங்க அப்பா கடைசியாப் பாத்தது இது. பேரில்லாம விடமாட்டேன்."

மேசைமேல் இருந்த என் கையைப் பார்த்தாள்.

"நீ பொறந்தப்போ நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினா. நகம்கூட அப்பா நகம்னா."

இது அளவீடு ஆகாது. பிழை வரும். ஆனால் இரண்டு இனங்களுக்கும் நடுவே மூன்று மடங்கு வித்தியாசம். அது இந்தப் பிழையைத் தாங்கும். நான் மறுக்கவில்லை.

அம்மா இரும்பு அளவுகோலை எடுத்து வந்தாள். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, படத்தில் அப்பாவின் விரல் எவ்வளவு சாய்ந்திருந்ததோ அவ்வளவு சாய்த்தாள். "ஆட்டாதே" என்று சொல்லிவிட்டு, நகத்தின் மேல் அளவுகோலை வைத்துக் குனிந்தாள்.