வடிகட்டின சொதி

மேலகரத்தில் முத்துவடிவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். "அந்தக் குண்டக்கா வீடு" என்று கேட்டால் பால்காரரிலிருந்து பூக்காரி வரைக்கும் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஷேர் ஆட்டோவில் அவள் காலெடுத்து வைத்தாலே டிரைவர் மற்றவர்களை நகர்ந்து உட்காரச் சொல்லி, அவளைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரிப்பான். அவளும் பதிலுக்குச் சிரித்துவைப்பாள். உடம்பு என்னுடையது, சுமப்பதும் நான், ஊருக்கு என்ன கேடு என்று நாற்பத்து மூன்று வயதுவரை இருந்துவிட்டாள்.

அதன் பிறகுதான் மகளின் முகம் வீங்கத் தொடங்கியது.

ஸ்ரீவித்யா ஒரே பிள்ளை. குற்றாலத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண் கன்னம் உப்பி, கால் பருத்து வந்ததைப் பார்த்ததும் முத்துவடிவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. என் உடம்பு என் மகளுக்கும் வருகிறது என்றுதான் தோன்றியது. தோசையை இரண்டோடு நிறுத்தினாள். எண்ணெயைக் குறைத்தாள். "என்னைய மாதிரி ஆயிராதட்டி, ஒன்னைய எவன் கட்டுவான்?" என்று காலையில் எழுப்பி நடக்க விரட்டினாள். பெண் களைப்பாக இருக்கிறது என்றபோது சோம்பேறி என்று திட்டினாள். அப்படியே இரண்டு மாதம் போயிற்று. காலேஜில் மயங்கி விழுந்த அன்றுதான், அது சதை இல்லை, நீர் என்று தெரிந்தது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயிருந்தன.

இந்த இரண்டு மாதத்தை அவளால் விழுங்கவே முடியவில்லை. யார் என்ன ஆறுதல் சொன்னாலும் அந்த இரண்டு தோசையில் வந்து நின்றுகொள்வாள்.

தென்காசியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். புருஷன் குமரகுரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். நல்ல மனுஷன், ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிற ஆள். ஊசி குத்தும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது முத்துவடிவுதான். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். குமரகுருவின் ரத்தம் சேரவில்லை, முத்துவடிவுடையது சேர்ந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அவள் அழுதாள், சந்தோஷத்தில்.

திருநெல்வேலி சிறுநீரக டாக்டர் அந்தச் சந்தோஷத்தை ஒரு நிமிஷத்தில் முடித்துவைத்தார். அவள் எடை நூற்று இருபத்தொரு கிலோ. "இந்த எடையில உங்ககிட்ட இருந்து எடுக்க முடியாதும்மா. ஒண்ணைக் கொடுத்துட்டு மிச்சம் இருக்கிற ஒண்ணோட நீங்க ஆயுசு முழுக்க ஓட்டணும். தொண்ணூறுக்கு வந்துட்டு என்னைப் பாருங்க."

"தொண்ணூறு என்ன சார், எம்பது வேணும்னாலும் வாரேன்" என்றாள்.

வந்திருப்பாள், உடம்பு கேட்டிருந்தால்.

மறுநாள் விடிந்ததும் நடக்க ஆரம்பித்தாள். மேலகரத்திலிருந்து குற்றாலம் வரை. முதல் வாரம் பாதி வழியில் ஒரு வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் அருவிச் சத்தம் கேட்கும் இடம்வரை போனாள். சாரல் காலம். ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பசித்த வயிறோடு சுடச்சுட பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும். அந்த வாசனைக்கு நடுவே அவள் மூக்கைப் பொத்தாத குறையாக நடந்து திரும்பி வந்து, ஒரு கிண்ணம் அவித்த காயும் ஒரு சப்பாத்தியும் தின்றாள். தெருவில் ஆளுக்கொரு வைத்தியர் முளைத்தார்கள். ஒருத்தி கொள்ளு என்றாள், ஒருத்தி வெந்நீரில் தேன் என்றாள், ஒருவர் வாழைத்தண்டைத் தவிர வேறு எதையும் கண்ணால்கூடப் பார்க்காதே என்றார். எல்லாவற்றையும் செய்தாள். சொன்ன ஒருவராவது அவளோடு ஒரு நாள் நடந்திருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

பதினோரு கிலோ இறங்கியது. அதோடு நின்றுவிட்டது. இன்னும் குறைத்துத் தின்றாள், எடைமெஷின் முள் அசையவில்லை. முட்டி வீங்கியது. ஒரு கல்யாண வீட்டில் பசி தாங்காமல் இரண்டு வடை தின்றதைப் பார்த்துவிட்டு, "பெத்த புள்ளைக்காகக்கூட வாயைக் கட்ட முடியல பாரு" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து எடைமெஷினைத் தூக்கி அடித்தாள். அது உடையக்கூட இல்லை.

அப்போதுதான் சிறுநீரக டாக்டரே மதுரைக்கு அனுப்பினார், இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம். குமரகுரு வழி நெடுகப் புலம்பிக்கொண்டே வந்தார். டாக்டரிடமும் அதையே கேட்டார். "இவ கொஞ்சம் வாயக் கட்டுனா போதாதா சார்? நல்லா இருக்க வயித்த எதுக்கு அறுக்கணும்? ஒருத்தி ஏற்கெனவே படுத்துக் கிடக்கா, இவளும் படுத்துட்டா நான் எங்கன போவேன்?"

டாக்டர் கோபப்படவில்லை. "அவங்க வாயைக் கட்டாம இல்ல சார். ஒரு வருஷமா பட்டினி கிடந்திருக்காங்க. எடை குறையக் குறைய உடம்பு பசியைக் கூட்டிக்கிட்டே போகும், பழைய எடைக்கே இழுக்கும். ஆபரேஷன் அந்தப் பசியைக் குறைக்கும். அதுக்காக இதை மந்திரம்னு நினைக்காதீங்க. அப்புறமும் நடக்கணும், அளவாத்தான் சாப்பிடணும், ஆயுசுக்கும் சத்து மாத்திரை. இப்ப செய்யறதையேதான் செய்யணும். ஆனா செஞ்சா பலன் கிடைக்கும்."

தன் மேல் தப்பில்லை என்று ஒரு மனுஷன் சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் திரவ உணவுதான், அப்போதுதான் வீங்கிக் கிடக்கும் ஈரல் சுருங்கும் என்றார்கள். உணவு ஆலோசகர் ஜுஹைனா என்ற சின்னப் பெண். மதுரைக்காரி, இனிமையாகப் பேசுவாள். ஒரு டப்பா புரோட்டீன் பவுடரைக் கொடுத்தாள். "மூணு வேளையும் இதைக் கலக்கிக் குடிங்கம்மா. முடியலைன்னா தெளிவா சூப் மாதிரி எதாச்சும். பல்லுக்கு வேலையே இருக்கக் கூடாது, தண்ணியா ஓடணும், அதான் கணக்கு."

பவுடர் இரண்டாம் நாளே குமட்டிக்கொண்டு வந்தது. சூப் குடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களே என்று யோசித்தாள். சூப் என்பது ஹோட்டல்காரன் வைத்த பெயர். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைமார் வீட்டில் தண்ணியாய், இதமாய், வயிற்றுக்குக் கெடுதல் செய்யாததாய் ஒன்று உண்டென்றால் அது சொதிதான். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கே அதைத்தான் வைப்பார்கள். அவளும் வைத்தாள். பாசிப்பருப்பு வேகவைத்து, தேங்காய்ப் பால் மூன்று தடவை பிழிந்து, இஞ்சிச் சாறு விட்டு இறக்கினாள். அதில் கிடந்த முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் வடிகட்டிக் குமரகுருவுக்குப் போட்டாள். வெறும் சொதியை மட்டும் செம்பில் ஊற்றிக் குடித்தாள். ஒரு காய்த் துணுக்கு பல்லில் பட்டால்கூடத் துப்பினாள். கட்டியாய் இருக்கும் முதல் பாலைக் கடைசியில் ஊற்றும்போது மட்டும் கொஞ்சம் தாராளமாய் ஊற்றினாள். தெம்பு வேண்டுமே, ஆபரேஷன் தாங்க வேண்டுமே. இப்படி ஒரு பத்தியத்தை உலகத்தில் யாரும் இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில் ஸ்ரீவித்யாவுக்கு எதிரில் உட்கார்ந்து குடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. நீர் பிரியாத பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தண்ணீர் சின்ன பாட்டில் அளவுதான். அதிலேயே மாத்திரை, காபி எல்லாம் அடக்கம். வெளியே ஓடையெல்லாம் ததும்பி ஓடுகிறது, பிள்ளை நாக்கை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தி குடிக்க மட்டுமே செய்யலாம், ஒருத்தி குடிக்கவே கூடாது. முத்துவடிவு செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று குடித்தாள்.

மதுரையில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிளாஸ்திரி இருந்தது. "ஆயிட்டா?" என்று கேட்டாள். குமரகுரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் வந்து சொன்னார். கேமரா விட்டுப் பார்த்தார்களாம். ஈரல் பெரிதாக, கொழுப்பு மண்டிக் கிடந்ததாம். இரைப்பையை எட்ட அதைத் தூக்கினால் கிழிந்து ரத்தம் கொட்டும் என்று அப்படியே மூடிவிட்டார்கள். ஜுஹைனா படுக்கையருகில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "அம்மா, என்னென்ன குடிச்சீங்க?"

"நீ சொன்ன மாதிரித்தான் பாப்பா. சூப்புக்குப் பதிலா சொதி."

"சொதின்னா?"

முத்துவடிவு சொன்னாள். மூன்றாம் பால், இரண்டாம் பால், முதல் பால். சொல்லிக்கொண்டே வந்தவள், அந்தப் பெண்ணின் முகம் மாறுவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டாள். "காயெல்லாம் வடிச்சிட்டேன் பாப்பா. வெறுந் தண்ணிதான்" என்றாள். ஜுஹைனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் கேட்டிருக்கணும்மா" என்றாள்.

"தேங்காயத் தின்னா கொழுப்புன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும் ஏட்டி!" என்று வாசலில் நின்று கத்தியவர் குமரகுரு. கத்திவிட்டு, அவரே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். வடித்த காயைத் தினமும் தின்றவர் அவர்தான், அவருக்கும் தோன்றவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் தடவை பவுடர் மட்டும். குமட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். தேங்காயை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. தலை சுற்றியது, யார் பேசினாலும் எரிந்து விழுந்தாள். ஆபரேஷனுக்கு மறுபடி நாள் குறித்தார்கள். அதற்கு முன் சிறுநீரக டாக்டர் ஒரு முறை எல்லாப் பரிசோதனையையும் திரும்ப எடுக்கச் சொன்னார்.

அவளுக்குச் சர்க்கரை வந்திருந்தது. போன வருஷம் எல்லையில் நின்றது, இப்போது தாண்டிவிட்டது.

"இனிமே உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா" என்றார். "எடை குறைஞ்சாலும், சர்க்கரை இறங்குனாலும் முடியாது. அது திரும்ப வந்தா, மிச்சமிருக்கிற ஒண்ணும் போயிரும். பொண்ணுக்கு, இறந்தவங்ககிட்ட இருந்து வர்ற கிட்னிக்கு அரசாங்க வரிசையில பதிஞ்சிருவோம். காத்திருக்கணும்."

"அந்தச் சொதியாலயா சார்?"

"இல்ல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவள் நம்பவில்லை. சாகும்வரை நம்பப்போவதுமில்லை. திரும்பும் பஸ் ஆலங்குளம் தாண்டியதும் போனை எடுத்து ஜுஹைனாவிடம் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "உங்களுக்கு அது வேணும்மா, இப்பத்தான் ரொம்ப வேணும்" என்று அந்தப் பெண் கெஞ்சியது பக்கத்தில் இருந்த குமரகுருவுக்கே கேட்டது. இவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். குமரகுரு கேட்ட மாதிரியே இனி யாரும் அவள் வயிற்றை அறுக்கப்போவதில்லை. ஆனால் அவர் முகத்தில் நிம்மதி எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்தாள். சோற்றுப் பானையை முன்னால் இழுத்துவைத்து, குழம்பை மொத்தமாய்க் கவிழ்த்துப் பிசைந்தாள். எத்தனையோ நாள் பசி. ஐந்தாறு கவளம் உள்ளே போனது. ருசி தெரிந்ததா என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஸ்ரீவித்யா வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, கையில் கட்டு இருந்தது.

"ஆபரேசன் வேண்டாம்னுட்டியாமே. அப்பா சொன்னாவ."

"இனி யாருக்குட்டி பண்ணச் சொல்லுத? ஒனக்குத்தான் கொடுக்க முடியாதுன்னுட்டாவளே. இந்த ஒடம்பு எதுக்குமே ஆவாது. குண்டாவே கிடந்து சாவுதேன், போ."

"நீ செத்தா நான் என்ன செய்ய?"

முத்துவடிவு நிமிர்ந்து பார்த்தாள். பெண் அழவில்லை, கோபமாக இருந்தாள்.

"நீ தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது, தெரியுமா ஒனக்கு? நான் கேட்டுக்கிட்டேதான் கிடக்கேன். எனக்கு வரிசை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் வாரம் மூணு தடவை அங்கன போகணும். அப்பா வாசல்லயே உக்காந்துருவாவ. ஊசி குத்தயில யாரு கையம்மா நான் பிடிக்க? எனக்கு ஒங் கிட்னி வேண்டாம். எனக்கு நீ இருக்கணும். அதுக்கு என்ன அறுக்கணுமோ அறுத்துக்கோ, எம்புட்டு நடக்கணுமோ நட."

கையில் ஒரு கவளம் உருட்டியபடி இருந்தது. அதைத் திரும்பப் பானையில் போட முத்துவடிவுக்கு மனசு வரவில்லை, பசி அப்படி. அழுதுகொண்டே அதை வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு பானையை மகள் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்துகொள்ள அவள் தோளைப் பிடித்தாள். அந்த மெலிந்த தோள் தாங்காது என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்த மதுரைப் பாப்பா நம்பரப் போட்டுக் கொடுட்டி" என்றாள். "எனக்குக் கண்ணு தெரியல."