எலும்புப் படக்காரனிடம் சொன்னவை

எக்ஸ்ரே வேலையில் ஒரு சௌகரியம் உண்டு: வந்தவர் வாயைத் திறக்காவிட்டாலும் படம் சொல்லிவிடும். ஒரு கஷ்டமும் உண்டு: படம் கழுவிக் காயும்வரை அவர் வாயைத் திறந்துகொண்டேதான் இருப்பார்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வருஷங்களில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் அந்த வேலையில் இருந்தேன். வீடு பிரிக்பீல்ட்ஸில். எக்ஸ்ரே என்ற பெயர் பலருக்கு நாக்கில் நுழையாது. "எலும்புப் படக்காரரு" என்றால்தான் என்னைத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள், அதிலும் ஜன்னலில்லாத அறைக்குள் வேலை பார்த்தவர்கள், இதைப் படித்தால் தங்கள் கதையையே படிப்பது போலிருக்கும்.

உருகிய கை

நம் ஊர் வெயிலில் படம் கழுவுவது லேசுப்பட்ட காரியமல்ல. மருந்துத் தண்ணீர் சூடாகிவிட்டால் பிலிமின் மேல் பூச்சு இளகிவிடும். அதனால் தொட்டியைச் சுற்றி ஐஸ் அடுக்கி வைப்போம். தினமும் காலையில் சீனருடைய ஐஸ் லோரி வரும். ஒருநாள் வரவில்லை. அன்றைக்கென்று ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த அந்தோணி என்பவர் மணிக்கட்டு வீங்கி வந்து உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு படம்தானே, சமாளித்துவிடலாம் என்று துணிந்தேன். தொட்டியிலிருந்து தூக்கியபோது அவருடைய கை பாலாடை மாதிரி சுருங்கி, பிலிமைவிட்டு வழிந்து கீழே விழுந்தது. வெளியே வந்து விஷயத்தைச் சொல்லி, மறுபடியும் எடுக்கவேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கை ஒடஞ்சிருக்கா இல்லையான்னுதான் கேட்டேன். நீங்க உருகிப் போச்சுங்கிறீங்க."

பெண் பார்த்த படம்

தங்கம்மா என்று ஒரு பெண். பிரிக்பீல்ட்ஸில் வீட்டோடு தையல் வேலை. சின்ன வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கூடியது. நடையில் லேசான சாய்வு இருந்தது, கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். கிள்ளானிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் கவனித்துப் பார்த்துவிட்டார்கள். வெளியே எப்படியோ இருக்கட்டும், உள்ளே எலும்பு சரியாக இருக்கிறது என்று காட்டினால் மேற்கொண்டு பேசலாம் என்றார்களாம். ரயில்வே ஆபீசில் கிளார்க்காக இருந்த அண்ணன் எப்படியோ டாக்டரைப் பிடித்துச் சீட்டு வாங்கிக்கொண்டு தங்கையை அழைத்து வந்துவிட்டார். படத்தில் வருவது இவள் கால்தானா என்று பார்த்துக்கொள்ள மாப்பிள்ளையின் பெரியப்பாவும் கூடவே வந்திருந்தார்.

எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. அண்ணன் படத்தை வெளியே வராந்தா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார். பெரியப்பா தன் பங்குக்கு வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். பேச்செல்லாம் எங்கள் மூவருக்குள்தான். போகும்போது தங்கம்மா, குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டாள். பெரியப்பா படத்தை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்துவிட்டார். அந்தக் கேள்வி கிள்ளான்வரை போய், மாப்பிள்ளை பெரியவர்களை விட்டுவிட்டுத் தானே புறப்பட்டு வந்து பெண்ணோடு பேசி, கல்யாணமும் நடந்தது என்று அண்ணன் பின்னால் சொன்னார். அவள் கேட்டது இவ்வளவுதான்:

"மாப்பிள்ளைக்கு எப்ப எடுக்கப் போறீங்க?"

மோதிரம்

கிள்ளானுக்கு அப்பால் கேரி தீவிலிருந்து ஒருநாள் முனியாண்டி என்ற தோட்டத் தொழிலாளியை அழைத்து வந்தார்கள். கூட, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ஒருவரும், காவல்காரன் ஒருவனும். முனியாண்டிக்கு மானேஜர் பங்களாவில் பூந்தோட்ட வேலை. துரைசானியின் மோதிரத்தைக் காணோம். முனியாண்டிதான் எடுத்து விழுங்கிவிட்டார் என்பது கிராணியின் கட்சி. வயிற்றுக்குள் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்து எழுதித் தர வேண்டும். மேஜைமேல் படுக்கச் சொன்னபோது முனியாண்டி ஒருக்களித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவரால் முடியவில்லை.

படத்தில் மோதிரம் இல்லை. மேல் விளிம்பில் விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தன. பழைய முறிவல்ல. வெள்ளைக்கார டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்கச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். முனியாண்டி வாசலைப் பார்த்தார். வாசலில் கிராணி நின்றுகொண்டிருந்தார். ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாக முனியாண்டி சொன்னார். நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் என் முகத்தைத்தான் பார்த்தார், முனியாண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. மோதிரம் இல்லை என்று ஒரு கடுதாசி எழுதிக் கிராணியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆளை மட்டும் வார்டில் படுக்க வைத்துக்கொண்டார். எலும்பு முறிவை வார்டுச் சீட்டில் எழுதினார்.

முனியாண்டி மூன்று வாரம் வார்டில் இருந்தார். நான் மத்தியானங்களில் போய்ப் பார்ப்பேன். எனக்கு மனசு ஆறவில்லை. தொழிலாளர் இலாகா இருக்கிறது, மனு நானே எழுதித் தருகிறேன், சாட்சிக்குப் படமே இருக்கிறது என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வார். வீட்டுக்கு அனுப்பிய அன்று காலை, தானாகவே எக்ஸ்ரே அறையைத் தேடிக்கொண்டு வந்தார். மனுவுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் காகிதத்தை எடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போக வந்திருந்தார். அன்று மத்தியானமே கிள்ளான் ரயிலேறித் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. மோதிரம் கிடைத்ததா என்றும் தெரியாது. எடுத்த காகிதத்தைப் பார்த்து அவர் சொன்னது மட்டும் இருக்கிறது.

"எலும்பு ஒடஞ்சது படத்துல தெரியுதுங்கய்யா, சரிதான். எம் பொஞ்சாதி புள்ளைங்க அந்தத் தோட்டத்து லயத்துல இருக்கறது அதுல தெரியாதுங்களே."

கந்தையாவின் கரண்டி

எனக்கு முன்பிருந்தே அந்த மிஷினோடு இருந்தவர் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கையால் பிசைந்து சாப்பிடுவோம், அவர் மட்டும் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார். வலது கை முழுக்க எப்போதும் துணி சுற்றியிருப்பார், மருந்துத் தண்ணீர் படாமலிருக்க என்று நினைத்துக்கொண்டோம். துரைமாரோடு பழகிப் பழகி வந்த பவிசு என்று வார்டுப் பையன்கள் சிரிப்பார்கள். சேர்ந்த புதிதில் நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் என் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, நோயாளியின் காலைப் பிடித்தபடி படமெடுக்கப் போனேன். ஈயம் பொதிந்த கையுறை அது. கனம் தாங்காது, உள்ளே வியர்த்துக் கொட்டும். கந்தையா வந்து சுவிட்சிலிருந்து என் கையை எடுத்துவிட்டார். தன் வலது கைக் கட்டைப் பிரித்துக் காட்டினார். இரண்டு விரல் இல்லை. மீதி விரல்களில் நகம் கறுத்து, தோல் வெடித்து, ஆறாத புண். பழைய மிஷினில் கதிர் வரும் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் பார்த்தாக வேண்டும். அதற்குக் குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவில் கையை நீட்டிப் பிடிப்பாராம். எலும்பு தெளிவாகத் தெரிந்தால் அன்றைக்கு வேலையைத் தொடங்கலாம். பல வருஷம் அப்படிச் செய்திருக்கிறார். அந்தக் கதிர் சுடும் என்று அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் கையுறையைக் கழற்றியதில்லை. ஆனால் அன்று வாய் சும்மா இருக்காமல், ஓர் ஆட்டெலும்பை வைத்துப் பார்த்திருக்கக் கூடாதா, உங்கள் கையைத்தானா நீட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவர் கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டே, வருத்தம் காட்டாமல் பதில் சொன்னார்.

"ஆட்டெலும்பு நினைவுக்கு வரேல்லை, தம்பி. காலமை காலமை ஒரு கை வேணும். வேறை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

இத்தனை பேரை உள்ளுக்குள் வரை பார்த்தும் இன்று எனக்கு ஒருவர் எலும்பும் சரியாக நினைவில்லை, அவர்கள் வாயால் சொன்னதுதான் நிற்கிறது என்றால், அரசாங்கம் அவ்வளவு விலை கொடுத்து அந்த மிஷினை வாங்கியதற்குப் பதில் எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போட்டிருந்தாலே போதும் போலிருக்கிறது.